"நம்மால ஆகுமாண்ணா?" – வேலைக்கு வந்த பசங்க திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விங்களும் நான் சொன்ன பதிலும்

நான் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்ல ஒரு மெஷின் ஷாப்ல 17 வருஷமா இருக்கேன், கடைசி ஆறு வருஷமா புதுசா வர்ற ஐடிஐ, டிப்ளமோ பசங்களுக்கு மெஷின் காட்டிக் குடுக்கறதும் என் தலையிலதான். விடியக்காலைல கம்பெனி பஸ் ராயக்கோட்டை தாண்டறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரன் எதையாவது ஆரம்பிப்பான், சுத்தி சுத்தி வந்து கடைசில அதே கேள்விலதான் நிப்பான். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே இடத்துல டைப் பண்ணிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு, பேரு மட்டும் போடல.

தன்னம்பிக்கை தன்னம்பிக்கைங்கறாங்களே, அப்படின்னா தைரியமாண்ணா, இல்ல திமிரா?

ரெண்டும் இல்ல. "என்னால எதுவும் முடியும்"னு சொல்றவனை நான் மெஷின் பக்கமே விடமாட்டேன். "இந்த டிராயிங்கை குடுங்க, இந்த மெஷின்ல, இந்த டூலை வெச்சு, மதியத்துக்குள்ள ஒரு பீஸ் எடுத்துக் காட்டறேன்"னு சொல்றான் பாரு, அதுதான் நான் சொல்றது. ஆல்பர்ட் பண்டூரான்னு அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஒரு சைக்காலஜி புரொபசர் இருந்தாரு, 1977ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. அவரு பேசினதும் இதைத்தான், ஒரு குறிப்பிட்ட வேலையை நம்மால செஞ்சு முடிக்க முடியும்னு நமக்குள்ள இருக்கற கணிப்பு. மனுஷன் மொத்தமா எவ்வளவு கெத்துங்கறது இல்ல.

எங்க பெரியம்மா காரிமங்கலத்துல இருக்காங்க. நாப்பது பேருக்கு ஒரே குண்டான்ல களி கிண்டுவாங்க, ஒரு கட்டி நிக்காது, யாரையும் கிட்ட கூட விடமாட்டாங்க. அதே பெரியம்மா ஏடிஎம் முன்னாடி நின்னா கை வெடவெடன்னு ஆடும், கார்டை என் கையில திணிச்சிட்டு தள்ளி நின்னுக்குவாங்க. அவங்களுக்கு தன்னம்பிக்கை இருக்கா இல்லையான்னு கேட்டா என்னன்னு சொல்றது? எந்த வேலைக்குன்னு திருப்பிக் கேக்கணும்.

நாங்க 400 பேரு வேலை பாக்கறோம், இதுல ஒரு ஆளு நம்பிக்கையா இருந்தா கம்பெனிக்கு என்னண்ணா வித்தியாசம் வந்துடப் போகுது?

இதுக்கு ஒரு நடந்த கதை சொல்றேன், கொஞ்சம் நீளம். ஒரு டிசம்பர் மாசம், அலுமினியம் ஹவுசிங் ஒண்ணு ஓடிட்டிருந்துச்சு, உள்ள 110 எம்எம் போர், அதாவது ஓட்டை, டாலரன்ஸ், அதாவது அளவு முன்னப்பின்ன இருக்கலாம்ங்கற எல்லை, மொத்தமே 35 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு எம்எம்). நைட் ஷிப்ட்லயும் காலை ஷிப்ட்லயும் ஓடின பீஸ் மட்டும் இன்ஸ்பெக்‌ஷன்ல அண்டர்சைஸ், ஓட்டை சின்னதா இருக்குன்னு திரும்பி வருது, மதியம் ஓடினது எல்லாம் ஓகே. எல்லாரும் என்ன சொன்னோம், நைட் ஷிப்ட்காரனுங்க தூங்கி வழியறானுங்க, காலைல வர்றவனுங்க அரைத்தூக்கத்துல அளக்கறானுங்க. நானும் அதையேதான் சொன்னேன். அப்ப அஞ்செட்டிப் பக்கத்துலேருந்து ஒரு பொண்ணு, ஐடிஐ டர்னர் முடிச்சிட்டு அப்ரெண்டிஸா வந்து மூணு மாசம்தான் ஆச்சு, என்கிட்ட வந்து "சார், ஜாப் வெளிய எடுக்கறப்ப வெதுவெதுன்னு இருக்கு சார், ஆறினப்புறம் அளந்தா வேற காட்டுது"ன்னுச்சு. ஜாப்னா நாங்க கடையற பீஸ். "போய் லைனைப் பாரும்மா"ன்னு அனுப்பிட்டேன்.

மறுநாளும் வந்துச்சு. நான் டெஸ்பாட்ச் டென்ஷன்ல இருந்தேன், திரும்பிக்கூட பாக்கல. மூணாவது நாள் கையில ஒரு பேப்பரோட வந்துச்சு, பழைய பிராசஸ் ஷீட்டோட பின்பக்கம். அஞ்சு பீஸ் மேல மார்க்கர்ல நம்பர் போட்டு, மெஷின்லேருந்து எடுத்ததும் என்ன ரீடிங், மணி என்ன, அப்படியே ரேக்ல வெச்சு முக்கா மணி நேரம் கழிச்சு என்ன ரீடிங், எல்லாம் பேனாவுல கட்டம் கட்டி எழுதியிருந்துச்சு. அஞ்சுமே இருபது இருபத்தஞ்சு மைக்ரான் சுருங்கியிருக்கு. கணக்கு போட்டா சரியா வருது பாருங்க, அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டுக்கு 23 மைக்ரான் வளரும், அப்ப 110 எம்எம் போர் ரூமை விட 10 டிகிரி சூடா இருந்தா 25 மைக்ரான் பெருசா காட்டும். போரை அளக்கற கேஜை செட் பண்ற மாஸ்டர் ரிங் இரும்பு, அது ஓசூர் குளிர்ல ஜில்லுனு டேபிள் மேல உக்காந்திருக்கு. மதியம் ஷாப்பே சூடாயிடறதால வித்தியாசம் கம்மி, அதான் அந்த ஷிப்ட்காரனுங்க தப்பிச்சானுங்க.

அன்னிலேருந்து அந்த ஜாபை ஆற வெச்சுதான் அளக்கறது, டூல் நிக்கற இடத்தைத் திருத்த மெஷின்ல போடற ஆஃப்செட் நம்பரையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினோம். சூட்டுல உலோகம் வளரும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ஐடிஐல முதல் வருஷமே சொல்லிக் குடுக்கறதுதான். ரெண்டு தடவை விரட்டின ஆள்கிட்ட மூணாவது தடவை வந்து நின்னது அந்த ஒரு பொண்ணுதான். ஒரு ஆளால என்ன வித்தியாசம்னு கேட்டா, ஒரு மாசமா தூக்கத்து மேல பழியைப் போட்டுட்டிருந்த நாங்க 400 பேர்ல நானும் ஒருத்தன்.

அதெல்லாம் பொறப்புலயே வரணும்ணா. எனக்கு சின்ன வயசுலேருந்தே பயம்தான், இனிமே வருமா?

வரும். மேல சொன்ன பண்டூரா இது நாலு வழியில வருதுன்னு சொல்றாரு. நம்ம கையால செஞ்சு ஜெயிச்சது முதல். நம்மள மாதிரியே இருக்கற ஒருத்தன் செய்யறதைப் பாக்கறது ரெண்டாவது. நாம மதிக்கற ஆளு "நீ செய்வடா"ன்னு சொல்றது மூணாவது. நாலாவது நம்ம உடம்பு, நெஞ்சு படபடங்கறதை "பயந்துட்டேன்"னு எடுத்துக்கறோமா இல்ல "புது வேலை, அப்படித்தான் இருக்கும்"னு எடுத்துக்கறோமாங்கறது. நாலுலயும் முதல்ல சொன்னதுக்குத்தான் வலு ஜாஸ்தி.

பாம்புன்னு சொன்னாலே அலறற ஆளுங்களை வெச்சு அவரு ஒரு சோதனை பண்ணாரு. கொஞ்சம் பேரு வேற ஒருத்தர் பாம்பை எடுக்கறதை வேடிக்கை மட்டும் பாத்தாங்க, இன்னும் கொஞ்சம் பேருக்கு பக்கத்துலயே ஆள் நின்னு, முதல்ல தள்ளி நின்னு பாக்க வெச்சு, அப்புறம் கிளவுஸ் போட்டுத் தொட வெச்சு, அப்புறம் வெறுங்கையில பிடிக்க வெச்சாங்க. தானா தொட்டவங்களுக்குத்தான் பயம் அதிகமா விட்டுப் போச்சு. நான் புதுப்பசங்களை முதல் வாரம் ஜாப் லோடிங் மட்டும், அடுத்து டூல் முனைல இருக்கற இன்சர்ட் மாத்தறது, அப்புறம் நான் பக்கத்துல நிக்கறப்ப ஆஃப்செட், அப்புறம் நான் டீ குடிக்கப் போயிடறதுன்னு படிப்படியா விடறது இதனாலதான். பசங்க நான் ஓபி அடிக்கறேன்னு நினைச்சிட்டிருக்கானுங்க.

டெய்லி காலைல கண்ணாடி முன்னாடி நின்னு "என்னால முடியும்"னு பத்து தடவை சொல்லச் சொல்றாங்களே யூட்யூப்ல?

சொல்லுங்க, காசா பணமா. ஆனா முந்தின பதில்ல இருக்கற நாலுல அது மூணாவது வழியோட நிழல் மாதிரி, அதுவும் சொல்ற ஆளும் நீங்களே கேக்கற ஆளும் நீங்களே. பத்து தடவை சொல்ற நேரத்துல வெர்னியரை எடுத்து பத்து தடவை அளந்து பாத்தா அதுல ஒரு பிடி ஜாஸ்தியா வரும்.

எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, மீட்டிங்ல மேனேஜர் பாத்தாலே நாக்கு ஒட்டிக்குது. என்ன பண்றது?

ஓசூர்ல இருந்துட்டு மொழிக்கு பயப்படறது தண்ணில இருந்துட்டு நனைஞ்சிடுவேன்னு அழற மாதிரி. இங்க டீக்கடைல தெலுங்கு, பஸ்ஸ்டாண்டுல கன்னடம், வீட்டுல தமிழ், எல்லாருமே எல்லாத்தையும் அரைகுறையா பேசித்தான் பொழப்பு ஓடுது. ஷாப்ல இங்கிலீஷ்னு நாம பயப்படறதுல பாதி டூல் பேரும் நம்பரும்தான், அது உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

நான் பசங்களுக்கு சொல்றது, வாயைத் திறந்ததும் முதல்ல நம்பரைச் சொல்லு. எந்த ஜாப், எத்தனை பீஸ், எப்பலேருந்து. "சார், ஆபரேஷன் 20, பன்னெண்டு பீஸ், காலைல 6:40லேருந்து" அவ்ளோதான், மேனேஜர் பேனாவை எடுத்துடுவாரு. நம்பர் சொல்றவனோட கிராமரை எந்த மேனேஜரும் திருத்தினதை நான் பாத்ததில்ல. "சார் அது வந்து சார், ஒரு சின்ன பிராப்ளம் மாதிரி"ன்னு ஆரம்பிச்சா தமிழ்ல பேசினாலும் யாரும் கேக்கமாட்டாங்க.

ஒரு தப்பு பண்ணிட்டேன், பெரிய நஷ்டம் ஆயிடுச்சு. இப்ப மெஷினைத் தொடவே கை நடுங்குது. நான் இதுக்கு லாயக்கில்லையோ?

என் கதையைக் கேளு. வேலைக்கு வந்து ரெண்டாவது வருஷம், வேற கம்பெனில. இசட் ஆஃப்செட்ல 0.5 போட வேண்டியதுக்கு 5 போட்டுட்டு சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கினேன். ஒரு சத்தம் வந்துச்சு, அதை எழுத்துல எழுத முடியாது, ஷாப்ல அத்தனை தலையும் திரும்புச்சு. ஓட்டை கடையற போரிங் பார் போய், ஜாபைப் பிடிச்சிருக்கற சக் ஜாவுல அடிச்சு, டூலெல்லாம் மாட்டியிருக்கற டரெட்டே அலைன்மென்ட் போயிடுச்சு, மெஷின் ரெண்டு நாள் நின்னுச்சு. நான் பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன், ஊருக்குப் போய் தக்காளி மண்டில மூட்டை தூக்கலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

மெஷின் சரியானதும் எங்க சீனியர் ஒருத்தரு, திட்டவும் இல்ல தேத்தவும் இல்ல, "வா, அதே ஜாபை நீயே ஏத்து"ன்னாரு. சிங்கிள் பிளாக்ல போட்டு, டூல் வேகமா நகர்ற ரேபிடை 25 பர்சன்டுக்குக் குறைச்சு, ஓட்டத்தை நிறுத்தற ஃபீட் ஹோல்டு பட்டன் மேல என் கட்டைவிரலை அவரே எடுத்து வெச்சாரு. ஒவ்வொரு லைனா ஓடுச்சு, ஒரு பீஸ் எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. பீஸ் ஓகே. அவ்ளோதான், நடுக்கம் ஒரு வாரம் இருந்துச்சு, ஆனா ஊருக்குப் போற நினைப்பு அன்னிக்கே போயிடுச்சு. ஒரு வாரம் வேற வேலை குடுத்து ஒதுக்கி வெச்சிருந்தா நான் திரும்பி வந்திருக்கமாட்டேன்.

இன்னிக்கும் ஆஃப்செட் போட்டதும் நம்பரை வாய்விட்டு படிச்சிட்டுத்தான் என்டர் தட்டுவேன், "பாயின்ட் அஞ்சு"ன்னு. பசங்க சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்.

நாங்க மாங்காக்கூழ் ஃபேக்டரில சீசனுக்கு ரெண்டு மூணு மாசம் போறவங்க, எங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?

எங்க சின்னம்மா கேட்டது, பர்கூர் பக்கம் பழம் தரம் பிரிக்கற பெல்ட்டுல நிப்பாங்க. பெங்களூரா மாங்கா லோடு வந்தா கட்டைவிரல்ல ஒரு அமுக்கு, மூக்குகிட்ட ஒரு தரம், இன்னிக்கு ஓட்டலாமா நாளைக்கா, எடுத்துப் போடணுமான்னு சொல்லிடுவாங்க. லேப்ல இருக்கற பையன் அப்புறம்தான் சாறை மீட்டர்ல வெச்சு இனிப்பு 14 பிரிக்ஸ் இருக்கான்னு பாப்பான். சின்னம்மாவுக்கு அந்த வேலைல இருக்கற நம்பிக்கை எனக்கு என் வேலைல இருக்கான்னா சந்தேகம்தான். "எனக்கு என்னப்பா தெரியும், நான் படிக்கல"ன்னு சொல்லிட்டே லாரிக்காரரை ரெண்டு கிரேட் திருப்பி எடுத்துட்டுப் போக வெச்சிருக்காங்க. வாய் சொல்றதை விட கை செய்யறதைப் பாத்துக்கோங்க சின்னம்மா.

எங்க சூப்பர்வைசர் "நீயெல்லாம் எதுக்குடா வந்த"ன்னு டெய்லி சொல்றாரு. கேட்டு கேட்டு உண்மையோன்னு தோணுது.

இது நிஜமாவே சேதாரம் பண்ணும், "காதுல வாங்காத"ன்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. பேச்சால ஒருத்தனை ஏத்தி விடறது கஷ்டம், இறக்கி விடறது ரொம்ப சுலபம்னு பண்டூராவே சொல்லியிருக்காரு. முடியாதுன்னு நம்பிட்டவன் கஷ்டமான வேலையை எடுக்கமாட்டான், எடுத்தாலும் பாதில விட்டுடுவான், அப்புறம் "பாத்தியா நான்தான் சொன்னேனே"ன்னு அவருக்கே அது சாட்சி ஆயிடும்.

ரெண்டு விஷயம் பண்ணு. ஒரு சின்ன நோட்டு வெச்சு தினமும் நீ ஓட்டின ஜாப், எத்தனை ஓகே, எத்தனை ரிஜெக்ட்னு எழுது. மூணு வாரம் கழிச்சு அந்த நோட்டு சொல்றதும் அவரு சொல்றதும் ஒண்ணா இருக்கான்னு பாரு, ஒண்ணா இருந்தா அவரு வாய் மோசமா இருந்தாலும் விஷயம் இருக்குன்னு அர்த்தம், கத்துக்க வேண்டியதைக் கத்துக்கோ. இன்னொண்ணு, உன் ஊர்க்காரனோ உன் டிரேடோ, உன்னை விட ரெண்டு வருஷம் மூத்தவன் எவனாவது இருப்பான், அவன் பக்கத்துல போய் நில்லு. இருபது வருஷ சர்வீஸ் ஆளைப் பாத்தா மலைப்புதான் வரும், ரெண்டு வருஷக்காரனைப் பாத்தா "இவனே செய்யறான்"னு தோணும். அதுதான் வேணும்.

ஓவரா நம்பி மாட்டிக்கிட்டா என்ன ஆகும்? அப்படி ஆளுங்களையும் பாத்திருக்கேனே.

நானும் பாத்திருக்கேன், மேல சொன்ன டமால் கேஸும் அதுல ஒண்ணுதான், அன்னிக்கு எனக்கு பயமே இல்ல, அதான் பிரச்சனை. வான்கூவர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2002ல வெளியிட்ட ஆராய்ச்சில, கலர் வரிசையை யூகிச்சுக் கண்டுபிடிக்கற ஒரு விளையாட்டை ஆட விட்டுப் பாத்தாரு, நம்பிக்கை ஏறினவங்க அடுத்த ஆட்டத்துல கவனப்பிசகு ஜாஸ்தியா பண்ணாங்க. "நமக்குத் தெரியாததா"ன்னு சரிபாக்கறதை விட்டுடறோம்.

ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவங்களைப் பாருங்க. சுழலுக்குப் பக்கத்துல பரிசலை பம்பரமா சுத்தி விட்டு நம்மள கத்த வெப்பாங்க, அவங்க முகத்துல ஒண்ணும் தெரியாது. காவிரில தண்ணி ஏறினா கலெக்டர் பரிசலுக்கு தடை போடுவாங்க. ஆனா அந்த உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே துடுப்பைத் தோள்ல போட்டுட்டு "இன்னிக்கு வேணாங்க"ன்னு கரையேறிட்ட ஒருத்தரை நான் பாத்திருக்கேன், நாங்க எவ்வளவு காசு தர்றேன்னாலும் வரல. எனக்கு அவருதான் தன்னம்பிக்கைக்காரர். புது ஆபரேட்டருக்கு இந்த "வேணாங்க" வர நாலஞ்சு வருஷம் ஆகும்.

எல்லாரும் நல்லா பண்றேங்கறாங்க, புரமோஷனும் வந்துடுச்சு. ஆனா உள்ளுக்குள்ள நான் எல்லாரையும் ஏமாத்தற மாதிரியே இருக்கு.

உனக்கு மட்டும் இல்ல. 1978ல கிளான்ஸ், ஐம்ஸ்னு ரெண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு ஒரு பேரே வெச்சாங்க, இம்போஸ்டர்னு, அதாவது வேஷம் போட்டு ஏமாத்தற ஆளு. நல்லா படிச்சு நல்லா சாதிச்ச பொம்பளைங்களே "ஏதோ லக்குல வந்துட்டேன், ஒரு நாள் கண்டுபிடிச்சிடுவாங்க"ன்னு நினைச்சிட்டிருந்ததைப் பாத்துத்தான் எழுதினாங்க. நம்ம பக்கம் வீட்டுலயே முதல் ஆளா பேன்ட் போட்டு கம்பெனிக்குப் போறவனுக்கு இது கொஞ்சம் தூக்கலாவே இருக்கும். நான் மேல சொன்ன நோட்டு இதுக்கும் ஆகும். லக்குன்னா மூணு வாரம் தொடர்ந்து வராது.

இதெல்லாம் நிஜமா நிரூபிச்சிருக்காங்களா இல்ல மோட்டிவேஷன்காரங்க விடற கதையா?

1998ல ஸ்டாய்கோவிச், லூதன்ஸ்னு ரெண்டு பேரு அதுவரைக்கும் வந்த 114 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. இந்த நம்பிக்கைக்கும் வேலை நல்லா நடக்கறதுக்கும் உள்ள தொடர்பு சராசரியா 0.38னு வந்துச்சு. 0ன்னா சம்பந்தமே இல்ல, 1ன்னா நூல் பிடிச்ச மாதிரி கூடவே வரும், அப்ப 0.38 மனுஷங்க விஷயத்துல சும்மா இல்ல. ஆனா வேலை சிக்கலா ஆக ஆக அந்தத் தொடர்பு குறையுது. இன்னொண்ணு, நம்பிக்கையால வேலை நல்லா வந்துச்சா இல்ல வேலை நல்லா வந்ததால நம்பிக்கை வந்துச்சான்னு இந்த நம்பரை மட்டும் வெச்சு பிரிக்க முடியாது. என் அனுபவத்துல ரெண்டாவதுதான் ஜாஸ்தி.

நான் காண்ட்ராக்ட்ல இருக்கேன். வாயைத் திறந்தா நாளைலேருந்து வராதன்னு சொல்லிட்டா? உங்களுக்கென்ன, நீங்க பர்மனென்ட்.

நியாயமான கேள்வி, இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. பேசினவனுக்கு மறுநாள் கேட் பாஸ் இல்லாம போனதை நான் கண்ணால பாத்திருக்கேன், அவனுக்கு தன்னம்பிக்கை குறைச்சல்னு யாராவது சொன்னா எனக்கு கோவம்தான் வரும். கேக்கற காது இல்லாத இடத்துல ஒரு ஆளோட நம்பிக்கை மட்டும் எதையும் புரட்டாது. ஜப்பான்ல டொயோட்டா லைன்ல முன்னாடி கயிறு ஒண்ணு தொங்கிட்டிருந்துச்சு, எந்த வொர்க்கரும் இழுத்து பிரச்சனைன்னு சொல்லலாம், சரி பண்ணலைன்னா லைனே நிக்கும். அங்க இருந்தவன் எல்லாம் பெரிய தைரியசாலின்னு இல்ல, இழுத்தா திட்டு விழாதுன்னு தெரியும், அதான் இழுத்தான்.

அதனால உங்க நிலைமைல, ஆள் மாட்டிக்கற விஷயம்னா, பாதுகாப்புத் தடுப்பு இல்லாத மெஷின், கையில ஷாக் அடிக்கற பேனல், அப்படின்னா தொடாதீங்க, ஒரு பர்மனென்ட் ஆளைக் கூட வெச்சிட்டு சொல்லுங்க. குவாலிட்டி விஷயம்னா அஞ்செட்டிப் பொண்ணு மாதிரி பேப்பர்ல எழுதி, சரியான ஆளாப் பாத்துக் குடுங்க. சரியான ஆளு யாருன்னு கேண்டீன்ல பத்து நாள் உக்காந்தா தெரிஞ்சிடும்.

நான் சொன்ன ஐடியாவுக்கு வேற ஒருத்தர் பேரு வாங்கிட்டாரு. இனிமே எதுக்குண்ணா சொல்லணும்?

அந்த வேற ஒருத்தர் நானாவே இருந்திருக்கேன். அந்த அலுமினியம் ஹவுசிங் விஷயம், வேலையை நல்லபடியா மாத்தினதை எழுதி ஒட்டற கைஸன் போர்டுல வந்தப்ப டீம் லீடர்னு என் பேரைத்தான் போட்டாங்க, மேடை ஏத்தி ஒரு ஹாட்பாக்ஸ் குடுத்தாங்க, நான் வாங்கிட்டு சும்மா இறங்கி வந்துட்டேன். அந்தப் பொண்ணு கீழ நின்னு கை தட்டிட்டிருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சுதான் எனக்கு உறைச்சுச்சு, ஹெச்ஆர்ல போய் பேரை மாத்தச் சொன்னேன், அதுக்குள்ள போர்டுல வேற ஷீட் ஒட்டிட்டாங்க. ஹாட்பாக்ஸ் இன்னும் வீட்டுலதான் இருக்கு, அதுல நான் சாப்பிடறதில்ல.

அந்தப் பொண்ணு இப்ப எங்கண்ணா இருக்கு?

அப்ரெண்டிஸ் முடிச்சு வேற கம்பெனில குவாலிட்டில இருக்காங்க, அவங்களுக்குக் கீழ ஏழெட்டு பேரு. போன மாசம் போன் பண்ணாங்க, லைன்ல ஒரு பையன் கேஜ்ல ஏதோ தப்பிருக்குன்னு சொல்றானாம், நம்பறதா வேணாமான்னு தெரியல சார்னாங்க. "பேப்பர்ல எழுதிட்டு வந்தானா?"ன்னு கேட்டேன். "எழுதல சார், ஆனா மூணாவது வாட்டி வர்றான்"னாங்க, அப்புறம் அவங்களே கொஞ்ச நேரம் பேசல. "நான் போய் பாத்துட்டு கூப்பிடறேன் சார்"னு வெச்சுட்டாங்க. இன்னும் கூப்பிடல.